புள்ளும் சகுனமும்

(பாடியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



ஆங்கில நாளிதழ்களைப் புரட்டுவோர் கண்ணில் அடிக்கடி ஒரு சொல் படும். பருவமழை உரிய நாளில் தொடங்கினால், அஃது உழவுக்கு நன்றாக ‘ஆகர்’ செய்கிறது என்று எழுதுவர். வாக்கெண்ணிக்கையின் முதற்சுற்றிலேயே ஒரு கட்சி பின்தங்கினால், அக்கட்சிக்குத் தீதாக ஆகர் செய்கிறது என்பர். வரவிருப்பதை முன்கூட்டிக் காட்டுதல் என்பது அச்சொல்லின் இற்றைப் பொருள். அச்செய்தியைத் தமிழில் பெயர்ப்பவர் சிறிதுந் தயங்காமல் ‘நல்ல சகுனம்’, ‘கெட்ட சகுனம்’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். ஆங்கிலச் சொல்லை எழுப்பிவிட்டு அதன் இருக்கையில் வடசொல்லை அமர்த்தியாயிற்று. தமிழ்ச்சொல் வாயிலில் நிற்கிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆங்கிலச் சொல்லின் பழங்கதையைத் தோண்டினால் அங்கே பறவை பறக்கிறது. சகுனம் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் பறவைதான். வாயிலில் நிற்கும் தமிழ்ச்சொல் எது? புள். அதுவும் பறவையே. தன் கூட்டிலிருந்த பறவையைத் திறந்துவிட்டு, அண்டை வீட்டுப் பறவையைத் தமிழன் கடன் வாங்கியது ஏன் என்பதே இன்றைய ஆய்வு. பறவையின் பெயரால் கோயில் கொண்ட இந்தப் பாடியைவிட அதற்குப் பொருத்தமான இடமும் வேறில்லை.

முதலில் உரோமைக்குப் போவோம். அங்கே ஆகர் என்பது வினைச்சொல் அன்று, ஆளின் பெயர். அரசின் பொருட்டுப் புள் பார்த்து, தெய்வத்தின் உடன்பாடு உண்டா இல்லையா என்று சொல்வதற்கென்றே அமர்த்தப்பெற்ற குழுவினர் அவர். நுனி வளைந்த கோல் ஒன்று அவர் கையில் இருக்கும். அக்கோலால் வானத்தில் ஓர் எல்லை வகுப்பர். அவ்வெல்லைக்குத் ‘தெம்பிளம்’ என்று பெயர். அதனுள் எந்தப் பறவை வந்தது, எத்திசையினின்று வந்தது, எத்தனை வந்தன, எவ்வாறு ஒலித்தன என்று நோக்குவர். வானில் வகுத்த அந்தக் கட்டமே பின்னர் நிலத்தில் இறங்கிக் கோயிலைக் குறிக்கும் ‘தெம்பிள்’ ஆயிற்று. ஆழ்ந்து எண்ணுதலைக் குறிக்கும் ‘கன்தெம்பிளேட்டு’ என்னும் சொல்லும் அந்தக் கட்டத்தை உற்று நோக்கியதிலிருந்தே வந்தது.

உரோமை நகரின் பிறப்புக் கதையே புள் பார்த்த கதைதான். உரோமுலசு, இரேமசு என்னும் உடன்பிறந்தார் இருவருள் யார் நகரை ஆள்வது என்று பூசல் எழுந்தது. வானத்தைப் பார்த்தனர். இரேமசு கண்ணில் முதலில் 6 கழுகுகள் பட்டன. உரோமுலசு கண்ணில் பின்னர் 12 பட்டன. முதலில் கண்டவனுக்கா, மிகுதியாகக் கண்டவனுக்கா உரிமை? குறி தெளிவாகத்தான் இருந்தது; பொருள் கொள்வதில்தான் சண்டை. உடன்பிறந்தானின் குருதி சிந்தியே அந்நகர் எழுந்தது என்பது அவர்கள் கதை.

பதவியேற்பையும் கட்டடத் திறப்பையும் புள் பார்த்துத் தொடங்கியதால் தோன்றிய சொல் ‘இனாகுரேசன்’. பறவையைக் குறிக்கும் ‘அவிசு’ என்னும் இலத்தீன் சொல்லும் பார்த்தலைக் குறிக்கும் வேரும் கூடியதால் தோன்றியது ‘ஆசுபிசியசு’. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் அடிக்கும் திறப்புவிழா அழைப்பிதழ் எதையேனும் எடுத்துப் பாருங்கள். இவ்விரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அழைப்பவர்க்கும் தெரியாது, அழைக்கப்பட்டவர்க்கும் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இரண்டு பறவைகள் அந்த அட்டையில் குந்தியிருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘ஆகர்’ என்னும் சொல்லின் முதற்பகுதியும் ‘அவிசு’ என்னும் பறவைதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பின்வந்த மொழிநூலார் பலர் அதை ஏற்பதில்லை. பெருகச் செய்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரினின்றே அச்சொல் தோன்றியது என்பர். ஆகத்துத் திங்களுக்குப் பெயர் தந்த ‘அகசுதசு’ என்னும் பட்டமும் அவ்வேரினதே. ஆக, ஆகரின் தொழில் பறவை பார்த்தல்; பெயர் பறவையினின்று வந்ததா என்பது ஐயம். ‘ஆசுபிசியசு’ என்னும் சொல்லிலோ பறவை ஐயமின்றி இருக்கிறது. ஒலி ஒத்த அளவிலேயே வேரும் ஒத்தது என்று துள்ளிக் குதிப்பது சொல்லாய்வு ஆகாது. தமிழ்ப் பற்றுடையார்க்கும் இக்கட்டுப்பாடு உண்டு. இதைக் கடைப்பிடிக்காத பற்று, தமிழுக்குப் பகைவரிடம் ஏளனத்தையே வாங்கித் தரும்.

பட்டறைத் தொழிலாளர் நிறைந்த இவ்வூரில் இன்னொன்றையும் சொல்லத் தகும். துளையிடும் திருகுக் கருவிக்கும் ஆங்கிலத்தில் ‘ஆகர்’ என்றே பெயர். எழுத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. அதற்கும் புள்ளுக்கும் தொடர்பே இல்லை. ‘நாகர்’ என்பது போன்ற ஒலியோடு நகரத்தில் தொடங்கிய பழஞ்சொல் அது. முன்னிற்கும் ஒருமைச் சொல்லோடு நகரம் ஒட்டிக்கொண்டு போய்விட, தலையிழந்து ‘ஆகர்’ என நின்றது. ஆங்கிலேயரே இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுவது உண்டு.

உரோமர் அனைவரும் புள்ளுக்கு அஞ்சி நடுங்கியவர் என எண்ணவேண்டா. கி.மு. 249இல் சிசிலித் தீவை அடுத்த திரெபானாக் கடலில் கார்த்தேசு நாட்டாரோடு போர் மூண்டது. உரோமைப் படைத்தலைவன் கிளாடியசு புல்கர். போருக்குமுன் கூட்டிலுள்ள கோழிகளுக்குத் தீனி போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஆவலோடு கொத்தினால் வெற்றி, கொத்தாவிடில் தோல்வி. அன்று கோழிகள் தீனியைத் தொடவில்லை. தின்ன விருப்பமில்லையென்றால் குடிக்கட்டும் என்று சினந்து அவற்றைக் கடலில் எறியச் செய்தானாம். போரில் அவன் கப்பல்களுள் பெரும்பகுதி போயிற்று. ஊர் திரும்பியதும் வழக்காடித் தண்டம் விதித்தனர். கடலறியாத போர்முறைக்கும் பகைவரின் திறமைக்கும் நேர வேண்டிய பழி கோழிகளின் கணக்கில் எழுதப்பட்டது.

அவனுக்கு இருநூறு ஆண்டு பிற்பட்டவர் சிசரோ. நாவன்மையால் பெயர் பெற்ற அவரே ஆகர் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். பதவியில் இருந்துகொண்டே, கி.மு. 44இல், குறிபார்த்தலின் வெறுமையை வெளிப்படுத்தி நூல் எழுதினார். கூட்டில் அடைத்துப் பட்டினி போட்ட கோழி தீனியைக் கண்டதும் கொத்தாமல் என்ன செய்யும், இதில் தெய்வக் குறி எங்கே வந்தது என்பது அவர் வினாக்களுள் ஒன்று. நாட்டொழுக்கம் கருதிச் சடங்கைக் காக்கலாம், நம்பத்தான் வேண்டா என்பது அவர் நிலை. இது நேர்மையா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால், அவ்வினாவை எழுப்பும் துணிவு அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்தது.

காலப்போக்கில் அந்தக் குழுவும் போயிற்று, கோலும் போயிற்று. சொல் மட்டும் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறியது. முதலில் உரோமையின் குறியாளரைக் குறித்தது. பின்னர் முன்னுரைப்போர் எவர்க்கும் பெயராயிற்று. பின்னர் முன்னுரைத்தல் என்னும் வினையாயிற்று. இறுதியில் ஆளே தேவையில்லாமல், நிகழ்ச்சியே வருவதைக் காட்டுகிறது என்னும் அளவுக்குத் தேய்ந்தது. இற்றை ஆங்கிலேயன் அச்சொல்லை எழுதும்போது வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மூடநம்பிக்கை உதிர்ந்து சொல் எஞ்சியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; தமிழில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

கிரேக்கரிடமும் இதே கதை. ‘ஒயோனோசு’ என்னும் அவர் சொல் பெரும்பறவையையும் குறிக்கும், வருவது உரைக்கும் குறியையும் குறிக்கும். ஓமரின் பெருங்காப்பியத்தில், பாம்பைக் கவ்விய கழுகைக் கண்டு, போரை நிறுத்துக என்கிறான் ஒருவன். திராய் நகர் இளவரசன் எக்டர் அதைப் புறந்தள்ளுகிறான். பறவை வலத்தே போனாலென்ன இடத்தே போனாலென்ன, தாய்நிலத்தைக் காக்கப் போரிடுவதே சிறந்த புள் என்பது அவன் மறுமொழியின் கருத்து. எக்டர் வென்றானா என்று கேட்பீர்கள். இல்லை. ஆயினும் தோற்றவன் சொன்னதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வலம், இடம் என்பதும் வெறும் வழக்கமே என்பதற்கு ஒரு சான்று: கிரேக்கர்க்கு வலப்புறப் புள் நன்று, உரோமர்க்கு இடப்புறப் புள் நன்று. ஒரே கழுகு, ஒரே வானம்.

வடமொழிச் சகுனமும் முதற்கண் பறவையையே குறித்தது. இருக்கு வேதத்திலேயே அப்பொருள் உண்டு. காட்டில் பறவைகளாற் காக்கப்பட்ட குழந்தை ஆதலால் சகுந்தலை என்று பெயர் பெற்றாள் என்பது பலரும் அறிந்த கதை. பறவையைக் குறித்த அச்சொல், பறவையால் அறியும் குறியைக் குறித்து, பின்னர்ப் பூனை குறுக்கே போவது முதல் எண்ணெய்க் குடம் எதிரே வருவது வரை எல்லாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாக விரிந்தது.

தமிழின் புள்ளும் இவ்வாறே விரிந்த சொல். தொல்காப்பியப் புறத்திணையியல் நாளையும் புள்ளையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. அங்கே புள் என்பது பறவை அன்று, பறவையால் அறியும் குறி. நிமித்தம் என்னும் சொல்லும் அதே நூற்பாவில் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கடன்சொல் அந்நாளிலேயே வாயிற்படி ஏறிவிட்டது. ஆனால் புள்ளை அது வெளியேற்றவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன.

புறநானூற்றைத் திறந்தால் புள்ளைப் பற்றி நாணயமான பேச்சுகள் கிடைக்கின்றன. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் காவலைப் பாடும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டில் அறியாத புதிய பறவை வந்தாலும் பழகிய பறவை நீங்கினாலும் குடிகள் நடுங்குவதில்லை என்கிறார். நல்லாட்சி நடக்கும் நாட்டில் புள்ளுக்கு வேலையில்லை என்பது அதன் கருத்து. மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: நல்ல நாள் அல்லாத நாளில் புறப்பட்டு, வழியில் புள் தடுத்து, உரிய நேரமின்றிப் போய்த் திறமற்ற சொல்லைச் சொன்னாலும், அவனிடம் சென்றவர் வெறுங்கையோடு திரும்பார். வல்வில் ஓரியைப் பாடிய கழைதின் யானையாரின் பாட்டிலோ மெல்லிய நகை இழையோடுகிறது. பரிசில் கிடைக்காதவர் வள்ளலைப் பழிப்பதில்லை. தாம் புறப்பட்ட புள்ளையும் பொழுதையுமே பழிப்பர் என்கிறார். கொடாதவன் தப்பித்துக்கொள்கிறான், குருவி மாட்டிக்கொள்கிறது!

பறவையைப் பார்ப்பது முழுதும் மூடத்தனமா? இல்லை. ஏரிக்கு நாரையும் கூழைக்கடாவும் வருவதைக் கண்டு நீர்நிலையை அறிவது உழவரின் பட்டறிவு. வேடந்தாங்கல் ஏரிக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பறவைகள் வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றைச் சுடக்கூடாதென்று ஆங்கிலேய ஆட்சியாளரிடம் உரிமைச் சீட்டு வாங்கி வைத்தனர். பாட்டில் புதிய பறவையின் வருகை அச்சக் குறி. வேடந்தாங்கலிலோ ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் விருந்து. பறவையைப் பார்த்து ஏரியை அறிவது அறிவு. பறவையைப் பார்த்து மகளின் திருமணத்தை நிறுத்துவது அறியாமை. இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதுதான் குழப்பம்.

இனிப் பாடிக்கு வருவோம். இவ்வூர்க் கோயிலின் பழம்பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தரின் பதிகம் ஒன்று முதல் திருமுறையில் இதற்கு உண்டு. வலியன் என்னும் பறவை வழிபட்டதால் இப்பெயர் என்பது தலத்தொன்மம். பரத்துவாச முனிவரே அப்பறவையாய்ப் பிறந்தார் என்றும் சொல்வர். வலியன் என்பது கரிக்குருவி, கரிச்சான் என்று வழங்கும் அதே பறவை. பிளவுபட்ட வாலும் கரிய உடலுமாக மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். உருவில் சிறியது. ஆனால் தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்தும். அதனால்தான் அதற்கு வலியன் என்று பெயர். காக்கைகளால் நலிந்த எளிய குருவி வலிமை பெற்ற கதையைத் திருவிளையாடற் புராணமும் சொல்லுகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. பெயரிட்டவன் பறவையைக் கண்ணாரக் கண்டு பெயரிட்டான் என்பதில் ஐயமில்லை.

இற்றை நாளில் இக்கோயிலுக்குப் பெருங்கூட்டம் வருவது வலியனுக்காக அன்று, வியாழனுக்காக. வியாழக்கோள் ஓரையினின்று ஓரைக்கு மாறும் நாளில் தெருக் கொள்ளாது. வந்தவருள் எத்தனை பேர்க்கு வலிதாயத்தின் வலியன் எது என்று தெரியும்? கோயிலுக்கு வெளியே கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பாடி என்னும் ஊர்ப்பெயரும் எண்ணத்தக்கது. ஆயர் வாழும் ஊர்க்கும் பாடி என்று பெயர். படை தங்கும் இடத்துக்கும் பாடி என்று பெயர். முல்லைப்பாட்டில் தலைவன் தங்கிய பாசறை பாடி என்றே சொல்லப்படுகிறது. அவன் அங்கிருக்க, தலைவி வீட்டில் வாடுகிறாள். அவள் பொருட்டு முதிய பெண்டிர் ஊரின் எல்லைக்குப் போகின்றனர். நாழியில் கொண்டுபோன நெல்லையும் முல்லை மலரையும் தூவித் தொழுது, அயலார் வாயில் இயல்பாக வரும் சொல்லுக்குக் காத்து நிற்கின்றனர். அங்கே ஓர் ஆயர்மகள், தாயைக் காணாமல் துவளும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடும் என்கிறாள். நற்சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான் என்று அம்முதியோர் வந்து சொல்லித் தேற்றுகின்றனர். இவ்வாறு சொல்லால் குறி அறிவதற்கு விரிச்சி என்று பெயர்.

தாய்மார்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நற்சொல் கேட்கப் போனவர் யார்? முதிய பெண்டிர். நன்மையைக் கேட்டு வரத் தக்கவர் அவரே என்று அக்குமுகாயம் கருதியது. சகுனம் என்னும் சொல் நிலைபெற்ற பின்னாளில் என்ன ஆயிற்று? முதியவளாய், கைம்பெண்ணாய் ஒருத்தி எதிரே வந்தால் புறப்பட்டவர் வீட்டுக்குள் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். பெற்ற மகனின் திருமணத்தில் தாய் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். வளர்த்த கை வாழ்த்தக் கூடாதாம்! சங்க காலத்தில் கைம்மை எளிதாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. பெருங்கோப்பெண்டின் பாட்டை படித்தவர் அப்படிச் சொல்லார், அந்நோன்பு கொடிது. ஆனால், எதிரே நடந்து வருவதே குற்றம் என்று ஒரு பெண்ணைப் பறவைக் கணக்கில் சேர்த்தது பிற்கால இழிவு. உரோமையின் குறிச்சொல் ஆங்கிலத்தில் மூடநம்பிக்கையை உதிர்த்துவிட்டு வெறுஞ்சொல்லாய் நின்றது. இங்கே பறவை உதிர்ந்து மூடநம்பிக்கை மட்டும் நின்றது. அதற்குச் சகுனம் என்னும் போர்வை போர்த்தாயிற்று. செய்தியாளர் நல்ல சகுனம் என்று எழுதும்போதெல்லாம் தூணுக்குப் பின்னால் நிற்கும் அத்தாயின் நிழல் அச்சொல்லில் இருக்கிறது.

புள்ளும் விரிச்சியும் மட்டுமா? முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுவிச்சி பார்ப்பது கட்டு. வேலன் கழற்சிக்காய்களை இட்டுப் பார்ப்பது கழங்கு. கண்டும் கேட்டும் கைபார்த்தும் சொல்வது குறி. நாளும் கோளும் எண்ணிச் சொல்பவன் கணி, கணியன். யாதும் ஊரே என்ற பூங்குன்றனார் பெயரிலேயே கணியன் உண்டு. மலைநாட்டு வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர். அது பூத்தால் தினை கொய்யும் நாள் வந்தது என்று குறவர் அறிவர். நாள்காட்டி தொங்கவிட வேண்டாத நாட்டில் மரமே நாள்காட்டி. காணல், கேட்டல், இடுதல், எண்ணல் என்று வெவ்வேறு செயலுக்கு வெவ்வேறு சொல். இத்தனையையும் தூக்கியெறிந்துவிட்டுச் சோதிடம், ஆரூடம், சகுனம் என்னும் மூன்று பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணித்து மூடியாயிற்று.

ஆங்கிலத்தில் வானிலைக்கு வழங்கும் ‘போர்காசுட்டு’ என்னும் சொல்லைப் பாருங்கள். ‘காசுட்டு’ என்றால் எறிதல். எறிதலிலிருந்து கூட்டிக் கணக்கிடுதல், சூழ்ந்து திட்டமிடுதல் என்னும் பொருள்கள் அதற்கு வந்தன. காயை இட்டுப் பார்த்த நம் கழங்கோடு வைத்து எண்ணத் தகும் சொல் அது. உறவுச்சொல் என்று சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா, கருத்து ஒப்புமை மட்டுமே. அச்சொல்லை வானிலைக்கு நிலைநிறுத்தியவர் இராபர்ட்டு பிட்சுராய். தார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் அவரே. 1859இல் இராயல் சார்ட்டர் என்னும் கப்பல் புயலில் உடைந்து 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவர் தொலைவரியால் பல ஊர்களின் காற்றழுத்தத்தைத் திரட்டிப் புயற்குறி அனுப்பத் தொடங்கினார். 1861 ஆகத்து 1இல் இலண்டன் டைம்சு நாளிதழில் வானிலைக் கணிப்பு வெளிவந்தது. இது தெய்வ வாக்கும் அன்று, முன்னுரையும் அன்று. அளந்து கணக்கிட்டுப் பெற்ற கருத்து என்று விளக்கி, அதற்காகவே வேறு சொல்லைத் தெரிந்தெடுத்தார். சொல் தேர்வதில் அத்தனை பொறுப்பு. ஆயினும் கணிப்புப் பிழைத்த நாளெல்லாம் ஏளனமே கிடைத்தது. உடல்நலமும் பணமும் குன்றி 1865இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இந்தியாவில் 1864இல் கொல்கத்தாவைப் புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் மழை பொய்த்தது. அதன்பின் 1875இல் வானிலைத் துறை தோன்றியது. 1886இல், இமயத்துப் பனியின் அளவைக் கொண்டு பருவமழையை முன்கூட்டிக் கணித்தனர். சென்னையிலோ 1792இலேயே நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் குழுமத்தின் விண்ணோக்ககம் எழுந்துவிட்டது. அங்குள்ள கற்றூணில் இலத்தீனிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்தனர். ஆசியாவில் கணக்கியல் அறிவு பிரித்தானியரின் கொடையால் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியவேண்டுமாம்! கணியன் என்று பெயர் வைத்துக்கொண்ட புலவர் வாழ்ந்த நாட்டில், வேங்கையைக் கணி என்று அழைத்த நாட்டில், கணக்கை நட்டுவைத்தவர் அவரென்று தமிழிலேயே எழுதிவைத்தனர். நட்டதாகச் சொன்னவர் போய்விட்டார், தூண் இருக்கிறது. அவ்வளாகத்திலிருந்துதான் இன்று தமிழ்நாட்டின் வானிலைச் செய்தி வருகிறது. ஊரின் புறத்தே பாக்கத்தில் நின்று விரிச்சி கேட்பதைத் தொல்காப்பியம் வெட்சித் துறையுள் வைத்தது. சென்னை மக்கள் இன்றும் ஒரு பாக்கத்துச் சொல்லுக்குத்தான் காது கொடுக்கின்றனர்.

அச்செய்திக்கு ‘வானிலை முன்னறிவிப்பு’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல தமிழ்தான், வடசொல் இல்லை. ஆனால் தமிழாய் இருந்தால் மட்டும் போதாது, பொருளும் பொருந்த வேண்டும். அறிவிப்பு என்பது முடிந்த முடிபைச் சொல்வது. தொடர்வண்டி வரும் நேரத்தை அறிவிக்கலாம். மழை அப்படியா? நாளை கனமழைக்கு வாய்ப்பு என்பது கணக்கு. முன்னறிவிப்பு என்று கேட்ட மக்கள் மழை வராத நாளில் அறிவித்தாயே என்று ஏசுகின்றனர். அடுத்த முறை உண்மையாகவே பெருமழை என்னும்போது காதில் வாங்குவதில்லை. 2015 திசம்பர் முதல் நாளில் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அத்தகைய மழையில் ஒரு சொல்லின் மயக்கம் உயிரையும் வாங்கும். கணக்கிட்டதைக் கணிப்பு என்க. அக்கணிப்பின்மேல் ஊரைக் காலிசெய்யச் சொல்லும்போது அதை அறிவிப்பு என்க. இரண்டும் இரண்டு வேலை.

கணித்தவனின் நெஞ்சும் கல்லன்று என்பதற்குப் புறநானூறே சான்று. முன்னர்ச் சொன்ன அதே சேரமானின் ஆட்சியில் கூடலூர் கிழார் ஓர் இரவில் விண்மீன் ஒன்று வீழக் கண்டார். கோள்நிலையும் நாள்நிலையும் எண்ணி, அரசன் ஏழாம் நாளில் இறப்பான் என்று கணித்தார். பரிசில் பெற்ற புலவர் பலரும் நடுங்கினர். அவன் நோயின்றி இருக்கக் கூடாதா, கணக்குப் பிழைக்கக் கூடாதா என்று ஏங்கினர். ஏழாம் நாள் வந்தது, அரசன் மாண்டான். வென்றேன் என்று அவர் கூவவில்லை. பாட்டு முழுதும் அழுகைதான். குடகோ நாட்டு இளங்கோவோ வேறு வகை. அரசு வீற்றிருக்கும் பொறி உனக்கே உண்டு என்று நிமித்திகன் சொன்னதும், தமையன் செங்குட்டுவனின் வருத்தம் தீர, அரசையே துறந்து சொன்னவன் வாக்கைப் பொய்யாக்கினார். அந்த முன்னுரை பலித்திருந்தால் சேர நாட்டுக்கு இன்னோர் அரசன் கிடைத்திருப்பான்; தமிழுக்குச் சிலம்பு கிடைத்திருக்காது.

இறுதியாக, எழுதுவோர்க்கும் ஆசிரியர்க்கும் சில சொற்கள். ‘நன்றாக ஆகர் செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் வந்தால் ‘நற்குறி’ என்று எழுதுங்கள். ‘நம்பிக்கை தருகிறது’ என்று எழுதினாலும் குறைவில்லை. உரோமரின் பழக்கத்தைப் பாடத்தில் சொல்ல நேர்ந்தால் ‘புட்குறி’ என்றும், அதைப் பார்த்தவரைப் ‘புட்குறியாளர்’ என்றும் சொல்லுங்கள். அளந்து எண்ணியதற்குக் ‘கணிப்பு’. கைபார்ப்பவர் சொல்வதற்குக் ‘குறி’ போதும். சகுனம் என்னும் சொல்லை வீட்டுப் பேச்சிலிருந்து ஓட்டுவது ஏட்டிலிருந்து ஓட்டுவதைவிடக் கடினம். மணமேடையில் தாயை முன்னிறுத்தினால் அது தானாகவே ஓடும். பள்ளிப் பிள்ளைகளின் சொற்பொருள் ஏட்டில் புள் என்பதற்கு நேரே ‘பறவை’ என்று எழுதி நிறுத்தாமல் இரண்டாம் பொருளையும் எழுதச் செய்யுங்கள். வலிதாயத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லும் நாளில், கோயிலுக்குள் நுழையுமுன் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கரிக்குருவியையும் காட்டி, அதன் பெயர் வலியன் என்று சொல்லிக்கொடுங்கள்.